தெளிந்த நீரும் தேறிய நீரும்

ஓர் ஆற்றின் நீர் குடிநீருக்கு உகந்ததா என்ற கேள்வி, எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வேளையில் எடுத்த நீர் என்பதையும், குழாய்க்குள் செல்லுமுன் அதற்கு எவ்வகைச் சுத்திகரிப்பு நடக்கப்போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கப்படாதவரை விடையற்ற கேள்வியாகவே நின்றுவிடுகிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் பேராறுகளுக்காவது ஒரு சராசரியைச் சொல்லிச் சமாளிக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து, மழைக்காலத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு பாய்ந்து, சித்திரை வைகாசியில் மணல் தெரிய வற்றிக் கிடக்கும் காட்டாறுகளுக்குச் சராசரி என்று ஒன்று இருந்தாலும், அந்தச் சராசரி நீர் ஆண்டில் எந்த நாளிலும் அந்த ஆற்றில் ஓடுவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பு இத்தகைய ஆறுகளின் நாடு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் வரை நீளும் அடிவார ஊர்கள் அனைத்துக்கும் மேற்கே மலை சுவர்போல் நிற்க, அங்கிருந்து அய்யனார் கோவில் பக்கமும் செண்பகத்தோப்பு, அத்திக்கோவில், தாணிப்பாறைப் பக்கங்களும் ஓடைகளாகவும் ஆறுகளாகவும் நீரை இறக்கிவிடுகின்றன. வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள் இந்நீரைத் தேக்கிக் கண்மாய்களுக்கு அனுப்புகின்றன (கேரள எல்லையில் முல்லைப் பெரியாறு அணை உள்ள பெரியாறு வேறு, இது வேறு). ராஜபாளையம் நகருக்கு அய்யனார் கோவில் மலைப்பகுதி நீரைத் தேக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நெடுங்காலமாகக் குடிநீர் ஆதாரமாக இருந்துவருகிறது. இந்த மலைநீரில் வழியிலுள்ள கண்மாய்கள் நிறைந்தது போக எஞ்சியது, அர்ச்சுனா நதியாகவும் வைப்பாறாகவும் கிழக்கே ஓடி, இருக்கன்குடியில் ஒன்றுகூடி, மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது.

மலையடிவாரத்தில் இரு கைகளாலும் அள்ளிக் குடிக்கத் தூண்டும் தெளிவோடு ஓடும் நீரும், சமவெளியில் ஊர்களையும் ஆலைகளையும் கரிசல் வயல்களையும் கடந்து அர்ச்சுனா நதியில் செல்லும் நீரும் ஒரே வடிநிலத்தைச் சேர்ந்தவை என்றாலும், ஆய்வகத்தின் கண்ணுக்கு அவை இரு வேறு பொருள்கள். இந்த வேறுபாட்டை முறைப்படுத்திச் சொல்வதற்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேற்பரப்பு நீரை அ, ஆ, இ, ஈ, உ என்று எண்ணத்தக்க ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. ஒரு நீர்நிலையின் நீரை எவ்வெப் பயன்களுக்குக் கொள்ளலாமோ அவற்றுள் மிக உயர்ந்த தரத்தை வேண்டும் பயன் எதுவோ, அதை அடிப்படையாகக் கொண்டே இந்த வகைப்பாடு அமைந்துள்ளது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கக் கொடுக்கத்தக்கது முதல் வகுப்பு. குளிப்பதற்கு உகந்தது இரண்டாவது. படியவைத்தல், வடிகட்டல், கிருமிநீக்கம் என்ற வழக்கமான சுத்திகரிப்பு முழுவதையும் கடந்த பிறகே குடிநீராகத்தக்கது மூன்றாவது. மீன்களுக்கும் காட்டுயிர்களுக்கும் உரியது நான்காவது. பாசனத்துக்கும் ஆலைகளின் குளிர்விப்புக்கும் மட்டும் உதவுவது ஐந்தாவது. குளிக்கும் நீர் குடிநீர் ஆதாரத்தைவிட உயர்ந்த வகுப்பில் வைக்கப்பட்டிருப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். ஆற்றில் மூழ்கி எழுபவர் அந்நீரைச் சுத்திகரிப்பு எதுவுமின்றி வாயிலும் கண்ணிலும் ஏற்றுக்கொள்கிறார், குடிநீர் ஆதாரத்துக்கோ இடையில் ஒரு நிலையம் இருக்கிறது என்பதை எண்ணினால் முரண் மறைந்துவிடும். ஆதாரத்தின் தரம் என்பது தனித்து நிற்கும் மதிப்பன்று, அதன்பின் வரும் சுத்திகரிப்போடு சேர்த்தே பொருள்தரும் மதிப்பு என்பதை இந்த வகைப்பாடே ஒப்புக்கொள்கிறது.

முதல் வகுப்பில் சேர, ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் 6 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 2 மில்லிகிராமுக்கு மிகாமலும், அமில-காரக் குறியீடான பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் இடையிலும், 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை 50-க்குள்ளும் இருக்கவேண்டும். மூன்றாம் வகுப்புக்கு ஆக்சிஜன் 4 மில்லிகிராம் போதும், ஆக்சிஜன் தேவை 3 வரை போகலாம், கோலிஃபார்ம் 5,000 வரை பொறுத்துக்கொள்ளப்படும். இந்த எண்களில் ஒவ்வொன்றும் ஆற்றைப் பற்றி ஒவ்வொரு வகையான செய்தியைத் தருகிறது.

கரைந்த ஆக்சிஜன் என்பது காற்றிலிருந்து நீருக்குள் இறங்கிய ஆக்சிஜனின் அளவு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் வரையே ஆக்சிஜனைத் தாங்கும். வெப்பம் 30 பாகையானால் அது 7.6 மில்லிகிராமாகக் குறையும். பாறையில் மோதிச் சிதறிக் காற்றோடு கலந்து இறங்கும் அடிவார ஓடையில் இந்த அளவு ஏறக்குறைய நிறைவை எட்டியிருக்கும். நீரில் சாக்கடையோ அழுகும் தாவரப்பொருளோ கலந்தால், அவற்றைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அப்படி எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதை மூடிய புட்டியில் நீரை வைத்து அளப்பதே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படுகிறது. இங்கிலாந்தில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1912-இல் வெளியிட்ட எட்டாம் அறிக்கையின் வழியாக நிலைபெற்ற இச்சோதனையில் புட்டியை ஐந்து நாள் வைத்திருப்பது வழக்கம். அந்நாட்டு ஆறுகளின் நீர் கடலை அடைய ஐந்து நாளுக்குமேல் ஆவதில்லை என்பதே அந்தக் கணக்குக்குக் காரணம் என்று பாடநூல்களில் சொல்லப்படுவதுண்டு. இந்தியத் தர முறையோ புட்டியை 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைக்கச் சொல்கிறது. வெப்ப நாட்டில் நுண்ணுயிர்கள் விரைந்து உண்பதால், குளிர்நாட்டின் ஐந்து நாள் வேலை இங்கே மூன்று நாளில் முடிந்துவிடுகிறது.

ஆக்சிஜன் அளவை நம்புவதற்குமுன் மணியைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஓடும் ஆற்றில் பெரிய தீங்கில்லை. ஆனால் நீர் தேங்கிப் பச்சைபிடித்த கண்மாயிலும் வற்றிய அணையிலும் பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடுவதால் பிற்பகல் இரண்டு மணி மாதிரியில் அது நிறைவளவையும் தாண்டி நிற்கும். அதே பாசிகள் இரவெல்லாம் சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்ப்பதால் விடியற்காலை மாதிரியில் மீன் மூச்சுத்திணறும் அளவுக்கு அது இறங்கியிருக்கும். வசதியான நேரத்தில், அதாவது அலுவலர் வந்துசேரும் முற்பகலிலோ பிற்பகலிலோ எடுத்த மாதிரி, ஒரு நோயுற்ற நீர்நிலைக்கு நல்ல சான்றிதழ் வழங்கிவிடக்கூடும்.

கோலிஃபார்மின் கதை இதைவிட நுட்பமானது. காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை போன்றவற்றை உண்டாக்கும் கிருமிகள் ஒவ்வொன்றையும் நீரில் தேடிக்கொண்டிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவை குறைந்த எண்ணிக்கையில் வந்துபோகும், அவற்றுள் சிலவற்றை வளர்த்துக் காட்டுவதும் கடினம். ஆகவே மனிதர், கால்நடை முதலிய வெப்பக்குருதி விலங்குகளின் குடலில் கோடிக்கணக்கில் வாழ்கிற, எளிதில் அடையாளம் காணத்தக்க பாக்டீரியாக்களைத் தேடுவது வழக்கமாயிற்று. அவற்றுள் தலையாயது, 1885-இல் தியோடோர் எஷரிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்ததும் பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டதுமான ஈ.கோலை. அது இருக்கும் நீரில் மலம் கலந்திருக்கிறது, எனவே மலத்தோடு வரும் எந்தக் கிருமியும் வந்திருக்கலாம் என்பதே தர்க்கம். எண்ணிக்கையைக் கண்டறிய, நீரை 10, 1, 0.1 மில்லிலிட்டர் என்ற அளவுகளில் ஐந்தைந்து குழாய்களில் ஊட்ட நீர்மத்தோடு சேர்த்து வளர்த்து, எத்தனை குழாய்களில் வாயு தோன்றுகிறது என்று பார்த்து, மிகவும் நிகழக்கூடிய எண் எது என்பதை நிகழ்தகவு அட்டவணையிலிருந்து படிப்பார்கள். இது எண்ணிப் பார்த்த எண் அன்று, கணித்தறிந்த எண். அதனால்தான் வகுப்புகளின் எல்லைகள் 50, 500, 5,000 என்று பத்துப் பத்து மடங்காகத் தாவுகின்றன. 200 என்ற முடிவுக்கும் 300 என்ற முடிவுக்கும் இடையே வேறுபாடு தேடுவது வீண்வேலை.

மனிதக் குடியிருப்பே இல்லாத காட்டிலிருந்து வரும் நீரில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் சாம்பல்நிற மலை அணில் சரணாலயமாக 1988-இல் அறிவிக்கப்பட்டு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகிவிட்ட இக்காடுகளில் யானையும் காட்டெருமையும் மானும் ஓடைக்கு இறங்கித்தான் நீர் குடிக்கின்றன. அவற்றின் குடலும் வெப்பக்குருதிக் குடல்தான். அதோடு சதுரகிரி மலைக்கோவிலில் ஆடி அமாவாசைக்குத் திரளும் பெருங்கூட்டம் தாணிப்பாறையிலிருந்து ஓடைகளை ஒட்டியே மலையேறி இறங்குகிறது. கூட்டத்துக்கு வேண்டிய கழிப்பிடங்கள் மலைப்பாதையில் எவ்வளவு இருந்தாலும் போதாது என்பதால், அந்நாட்களில் மலத்தொடர்புள்ள மாசு நீருக்கு வர வாய்ப்பு மிகுதி. ஆதாரத்தின் தரத்தை மதிப்பிடுபவர் ஆலயத் திருவிழா நாட்காட்டியையும் கையில் வைத்திருக்கவேண்டும் என்று சொன்னால் அது மிகையன்று.

ஆய்வகம் தொலைவிலுள்ள ஊர்களுக்கு உதவும் எளிய கருவி ஒன்றை இந்திய விஞ்ஞானிகளே உருவாக்கித் தந்திருக்கிறார்கள். குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் ஆகியோர் 1982-இல் வெளியிட்ட முறைப்படி, வேதிப்பொருள் தோய்த்த காகிதத் துண்டு உள்ள புட்டியில் நீரை ஊற்றிச் சாதாரண அறைவெப்பத்தில் வைத்தால், மலத்தொடர்புள்ள பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கி ஓரிரு நாளில் நீரைக் கறுக்கச் செய்கின்றன. எண்ணிக்கை சொல்லாது, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் இந்தப் புட்டி இன்று கிராமக் குடிநீர்ச் சோதனைகளில் பரவலாகப் பயன்படுகிறது. ஆற்றுநீரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கறுத்தே தீரும் என்பதால், ஆதாரத்தை எடைபோடுவதைவிடக் குழாயின் கடைசி முனையில் வரும் நீரைச் சோதிப்பதே அதற்கு உரிய வேலை.

அடிவார ஆறுகளின் உண்மையான சிக்கல், பாக்டீரியாவைவிடவும் கலங்கலில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் முதற்பெரும் மழை பெய்ததும் கோடை முழுவதும் காட்டுத் தரையில் சேர்ந்திருந்த சருகும் சாம்பலும் சாணமும் மண்ணும் ஒரே இரவில் ஆற்றில் இறங்குகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணாடிபோல் இருந்த நீர் சில மணி நேரத்தில் செம்மண் குழம்பாகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவைக்கொண்டு அளக்கப்படும் கலங்கல், என்.டி.யு. என்ற அலகில் சொல்லப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரவரையறை (ஐ.எஸ். 10500, 2012) ஏற்கத்தக்க எல்லையாக 1 என்.டி.யு.வையும், வேறு ஆதாரம் இல்லாதபோது பொறுக்கத்தக்க எல்லையாக 5 என்.டி.யு.வையும் வைத்திருக்கிறது. கலங்கல் வெறும் அழகுக் குறை அன்று: துகள்களின் மறைவில் ஒளிந்துகொள்ளும் கிருமிகளைக் குளோரின் எட்டுவதில்லை, துகள்களோடு வரும் கரிமப்பொருள் குளோரினைத் தின்றுவிடுகிறது.

மண்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு படியாமல் மிதக்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்கப்படும் படிகாரமான அலுமினியம் சல்ஃபேட்டு அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்து, துகள்களைத் திரளச் செய்து, கனத்த திரளைகளாக அடியில் படியவைக்கிறது. ஆனால் படிகாரம் நீரில் வேலைசெய்யும்போது அமிலத்தையும் உண்டாக்குகிறது. அதை ஈடுசெய்வது நீரிலுள்ள காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் பைகார்பனேட்டு முதலிய உப்புகளின் இருப்பு. ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கும். எளிதில் கரையாத கடினப் பாறைகளின்மேல் சிறிது நேரமே ஓடிவந்த மலைநீர் உப்புகளை அதிகம் சேர்த்துக்கொண்டிருக்காது. எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 20 மில்லிகிராம் மட்டுமே காரத்தன்மையுள்ள வெள்ளநீருக்குக் கலங்கல் மிகுதியால் 50 மில்லிகிராம் படிகாரம் வேண்டியிருந்தால், 25 மில்லிகிராம் காரத்தன்மை தேவைப்படும், கணக்கு உதைக்கிறது. நீர் அமிலத்தன்மைக்குச் சரிய, படிகாரம் திரளைகளாக மாறாமல் கரைந்த நிலையிலேயே குழாய்க்குப் போகிறது. அங்கே இரும்புக் குழாய்களையும் அரிக்கத் தொடங்குகிறது. சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் சுண்ணாம்பு இருப்பை ஆண்டின் எந்த வாரத்துக்கு வைத்திருக்கவேண்டும் என்பதை வறண்ட மாதத்தில் எடுத்த மாதிரி சொல்லாது. நீர் தூய்மையானது என்பதற்குச் சான்றாகக் கொண்டாடப்படும் அதே உப்புக்குறைவு, வெள்ள வாரத்தில் சுத்திகரிப்பின் காலை வாரிவிடுகிறது.

காட்டுச் சருகின் சாறு இறங்கி நீரைத் தேயிலை நிறமாக்கும் கரிமப்பொருளும் இதே பருவத்தில்தான் உச்சமடைகிறது. ரோட்டர்டாம் நகரின் குடிநீரை ஆராய்ந்த ரூக் என்ற வேதியியலாளர் 1974-இல், இத்தகைய இயற்கைப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் முதலிய சேர்மங்களை உண்டாக்குவதைக் காட்டினார். வெள்ளநீரில் கிருமிக்கு அஞ்சி குளோரினை அள்ளிப்போடுவது இன்னொரு பக்கத்தில் கடன் வாங்குவதாகும் என்பதால், முதலில் கலங்கலையும் நிறத்தையும் நீக்கிப் பிறகே குளோரினேற்றுவது முறை. இந்த வரிசை தவறக்கூடாது. கிருமிநீக்கத்தைக் கைவிடுவது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. குளோரினால் வரும் சிறு ஆபத்தையும் குளோரின் இல்லாமையால் வரும் பேராபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆதாரம் மாசுற்றிருந்தும் சுத்திகரிப்பு காப்பாற்றியதற்கும், சுத்திகரிப்பு இன்மையால் ஒரு பெருநகரம் பேரிழப்புக்கு ஆளானதற்கும் ஒரே ஆற்றின் கரையில் சான்று கிடைத்தது 1892-இல். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பா ஆற்றின் நீரை வடிகட்டாமல் விநியோகித்துவந்தது. அதையொட்டிய ஆல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்தபிறகு கீழ்ப்புறத்தில் அதே ஆற்றிலிருந்து எடுத்த நீரை மணல் வடிப்பான்களில் மெல்ல வடித்துக் கொடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பரவிய காலராவில் ஹாம்பர்க்கில் 8,600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனாவில் நோய் வேர்விடவில்லை. இரு நகரங்களும் ஒரே தெருவின் இருபுறத்தைப் பகிர்ந்துகொண்ட இடங்களில்கூட ஹாம்பர்க்கின் குழாய்நீர் போன பக்கத்தில்தான் மரணம் நிகழ்ந்தது. நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக், காலரா நீரின் வழியே பரவுகிறது என்ற தன் கருத்துக்கு இதை வலுவான சான்றாக எடுத்துக்காட்டினார்.

எனினும் ஆல்டோனாவின் படிப்பினையை அளவுக்குமீறி இழுக்கவும் கூடாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993-இல் வடிகட்டி குளோரினேற்றிய நீரைக் குடித்த ஏறத்தாழ நான்கு லட்சம் பேர், குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் உயிரியால் வயிற்றுப்போக்குக்கு ஆளானார்கள். நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் கலங்கல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததே அப்போது கிடைத்த முன்னறிகுறி. ஆதாரத்தைக் காப்பதும் நீரைச் சுத்திகரிப்பதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

மழை ஓய்ந்து மார்கழி தையில் ஆறு தெளிந்து மெல்லோட்டமாகும் காலமே அடிவார ஊர்களின் நற்காலம். மாதிரி எடுப்பதற்கும் அலுவலர்கள் விரும்பும் காலம் அதுவே என்பது தற்செயலாகவும் இருக்கலாம். சித்திரை நெருங்க, ஓட்டம் நின்று நீர் குழிகளிலும் அணைகளின் அடிமட்டத்திலும் ஒடுங்கும்போது வேறொரு வகை மாற்றம் நிகழ்கிறது. வெயிலில் சூடேறிய மேல்நீர் அடிநீரின்மேல் கலக்காமல் மிதப்பதால், அடியில் அழுகும் வண்டல் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த வண்டலிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளியேறுகின்றன. அடிமடை வழியாக எடுக்கப்படும் அத்தகைய நீர், குழாயில் காற்றுப்பட்டதும் செம்பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறி வெள்ளைத் துணியில் கறையேற்றுகிறது. பல உயரங்களில் வாயில்களுள்ள நீரெடுப்புக் கோபுரம் இருந்தால் நல்ல மட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; ஒரே ஒரு அடிமடை மட்டும் உள்ள பழைய தேக்கத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை.

ஆற்றுநீரின் கலங்கலுக்கும் கிருமிகளுக்கும் மணலே ஒரு மருந்து. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கும் வழக்கமும், ஆற்றுப்படுகையில் உறைகிணறு இறக்கி நீரேற்றும் இன்றைய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் முறையும் அடிப்படையில் ஒன்றே. நீர் மணலுக்குள் ஊர்ந்து வரும்போது துகள்கள் சிக்கிக்கொள்கின்றன, மணற்பரப்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம் பாக்டீரியாக்களைத் தின்றுவிடுகிறது. ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகரம் 1870-இலிருந்தே ரைன் ஆற்றங்கரைக் கிணறுகளின் மூலம் இவ்வகை நீரைக் குடித்துவருகிறது. மணல் அள்ளப்பட்டுக் களிமண்ணும் பாறையும் தெரியும் ஆற்றில் உறைகிணறு வெறும் குழியாகிவிடும். அதனால் ஆற்றுமணல் கொள்ளையைச் சுற்றுச்சூழல் குற்றம் என்று மட்டும் எண்ணாமல், ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை உடைத்து விற்பதாகவே கருதவேண்டும்.

மலையை விட்டுக் கிழக்கே நகர நகர நீரின் உப்புக்கணக்கு ஏறுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழைபெறும் இம்மாவட்டத்தில் ஆவியாதல் மிகுதி. கரிசல் மண்ணில் பாய்ந்து வயலில் வடிந்து திரும்பும் நீர், ஆவியாகாத உப்புகளைச் சுமந்துகொண்டு மீண்டும் ஓடையில் சேர்கிறது. நூற்பாலைகளும் மருத்துவக் கட்டுத்துணி நெசவும் வெளுப்புத் தொழிலும் உள்ள ராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரத்தின் கழிவு, நகரங்களின் சாக்கடை ஆகியவையும் வழியில் சேரக்கூடியவை. விருதுநகர் நகரின் கழிவுநீர் கௌசிகா நதியில் கலந்து குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தை அடைவது பல்லாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் செய்தி. கரைந்த உப்புகளின் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுக்கத்தக்கது என்று தரவரையறை சொல்கிறது. நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று நாக்கினாலேயே ஊரார் வகுத்துவைத்திருக்கும் மூன்று வகைகள் இந்த எல்லைகளுக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. ஆனால் நாக்குக்கு எட்டாதவையும் உண்டு: கடினப் பாறை நிலத்தடி நீரில் ஏறக்கூடிய ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லிலும் மேலும் மிகுந்தால் எலும்பிலும் ஊறுசெய்யும். உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரேட்டு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தையின் குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். இரண்டுக்கும் சுவையில்லை, நிறமில்லை. ஆழ்குழாய்க் கிணற்றைவிட மலையாற்று நீரும், நெடுந்தொலைவிலிருந்து குழாயில் கொண்டுவரப்படும் தாமிரபரணி நீரும் இம்மாவட்டத்தில் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை எண்களையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கும் ஆசை இயல்பானது. ஹார்ட்டன் என்பவர் 1965-இல் முன்வைத்த நீர்த்தரக் குறியீட்டு எண்ணை, 1970-இல் பிரௌனும் அவருடைய உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி விரிவாக்கினர். ஆக்சிஜனுக்கு 0.17, மலக் கோலிஃபார்முக்கு 0.16, பி.எச்.சுக்கும் ஆக்சிஜன் தேவைக்கும் தலா 0.11 என்று தொடங்கி, கலங்கலுக்கு 0.08 என்று ஒன்பது பண்புகளுக்கும் எடை கொடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் இம்முறையின் பல திரிபுகள் இந்தியக் கல்லூரி ஆய்வேடுகளில் பெருகிக் கிடக்கின்றன. எட்டுப் பாடங்களில் முதன்மையாக வந்து ஒன்பதாவதில் பூச்சியம் வாங்கிய மாணவனையும் சராசரி தேர்ச்சியாக்கிவிடும் என்பதே இதன் தீராக் குறை. எட்டுப் பண்புகளும் நன்றாக இருந்து நைட்ரேட்டு மட்டும் எல்லை தாண்டிய நீரைக் குறியீட்டு எண் ‘நன்று’ என்று சொல்லிவிட முடியும். குடிப்பவருக்கோ அந்த ஒன்றே தீர்ப்பு. ஓர் ஆறு ஆண்டுதோறும் தேய்கிறதா தேறுகிறதா என்பதை மக்களுக்கு விளக்கக் குறியீட்டு எண் உதவும். எந்த இடத்தில் நீரெடுப்பது என்று முடிவெடுக்க அது போதாது.

சோதனைப் பட்டியலிலேயே இல்லாத பொருள் வேறொரு கதை. இதே வடிநிலத்தில் உள்ள சிவகாசியில் பட்டாசுக்கு ஆக்சிஜன் தரும் உப்பாகப் பயன்படும் பெர்குளோரேட்டு, நீரில் எளிதில் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், நீர் போகுமிடமெல்லாம் போகக்கூடியது. தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்ப்பதை அது தடுக்கிறது. ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17-இல் இது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை முன்வைத்த வழிகாட்டு அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உச்ச அளவு 7,690 மைக்ரோகிராம். அதே ஆய்வில் மேற்பரப்பு நீரில் காணப்பட்ட உச்சம் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். சோதிக்கப்பட்ட குழாய்நீரில் அரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. அச்சப்படுத்துவதற்காக அன்றி, ஒரு முறைமையைக் காட்டுவதற்காகவே இது இங்கே குறிப்பிடத்தக்கது: வழக்கமான சோதனைகளில் எத்தனை ஆண்டு தேடினாலும் பெர்குளோரேட்டு அகப்பட்டிருக்காது, ஏனெனில் யாரும் அதைத் தேடுமாறு அந்தப் பட்டியல் சொல்வதில்லை. எதைத் தேடுவது என்பதை வடிநிலத்தில் என்ன தொழில் நடக்கிறது, தோப்புகளில் என்ன மருந்து அடிக்கப்படுகிறது என்பதிலிருந்து வரையவேண்டும். அதற்கு ஆய்வகத்தைவிடக் கால்நடையாகச் சென்று பார்ப்பதே முதற்கருவி. நீரெடுக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஆற்றை நடந்து, மாட்டுத்தொழுவம், திறந்தவெளிக் கழிப்பிடம், குப்பைமேடு, சாயப்பட்டறை வடிகால் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கும் இந்தச் சுகாதாரப் பார்வையை உலகச் சுகாதார நிறுவனமும் நீர்ச்சோதனைக்கு இணையாக வலியுறுத்துகிறது.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்குரிய புட்டி கிருமிநீக்கப்பட்டதாக இருக்கவேண்டும். ஓட்டத்துக்கு எதிர்முகமாக, மேற்பரப்புக்கு ஏறத்தாழ ஒரு சாண் கீழே, படுகையைக் கலக்காமல் அதை நிரப்பவேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து முடிந்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும். ஆக்சிஜனையும் வெப்பத்தையும் பி.எச்.சையும் ஆற்றங்கரையிலேயே அளந்துவிடுவது நலம், ஏனெனில் பயணத்திலேயே அவை மாறிவிடும். பேராறுகளுக்குக் கிடைப்பதுபோன்ற நெடுங்கால மாதாந்திரப் பதிவுகள் சிறு காட்டாறுகளுக்கு வாய்ப்பது அரிது என்பதால், கான்சாபுரம் போன்ற அடிவார ஊரொன்று மேற்கிலிருந்து வரும் ஆற்றைத் தன் குடிநீராக்க நினைக்குமானால், குறைந்தது ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை எடுத்த மாதிரிகளோடு, ஐப்பசியின் முதல் வெள்ளம் இறங்கும் நாளிலும், ஆடி அமாவாசை முடிந்த மறுநாளிலும், சித்திரையில் நீர் மிகக் குறைந்த வாரத்தின் விடியற்காலையிலும் தனித்தனியே மாதிரி எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்தை அந்த மூன்றில் மிக மோசமான நீருக்கு ஏற்ப வடிவமைக்கவேண்டியிருக்கும்.